கொழிஞ்சாம்பாறை பிரெஞ்சு உச்சரிப்பு வகுப்பு: பயிற்சி பிரமாதம், அச்சுத்தாள் சுமார்

சனி, ஞாயிறு மட்டும், ஒரு வகுப்பு 90 நிமிடம். கனடா போகத் தயாராகும் நர்ஸுகள்தான் அதிகம். தமிழும் மலையாளமும் கலந்த கூட்டம். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில், மொத்தம் 100-ல் பேச்சுக்கு 25 மதிப்பெண். அதில் 5-க்குக் கீழே போனால், மொத்தத்தில் 50 தாண்டியும் பலனில்லை. அதனால் அசை பிரிப்பில் தொடங்குவது சரியான முடிவு.

இரண்டு உயிருக்கு நடுவில் ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: அ-னி-மால். இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று: பார்-தீர். ப, த, க, ஃப மாதிரி ஒலிக்குப் பின்னால் எல் அல்லது ஆர் வந்தால் பெரும்பாலும் பிரிக்கக் கூடாது: தா-ப்லோ.

சொல் முடிந்தாலும் அசை முடியாது என்பதைப் புரியவைக்கும் விதம்தான் இங்கே சிறப்பு. 'அவள் எங்கே' நம் வாயில் 'அவளெங்கே' ஆகிறதே, அதே கணக்கில் 'இல் ஆரீவ்' என்பது இ-லா-ரீவ். 'லே ஆமி' சேரும்போது, 'லே'யின் கடைசியில் ஊமையாக இருந்த எஸ் இஸட் ஒலியோடு எழுந்து லே-ஃஸா-மி ஆகும். 'லே ஏரோ'வை மட்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் லே-ஃஸே-ரோ என்று ஒலித்து, வீரர்கள் பூஜ்யங்கள் ஆகிவிடுவார்கள்!

மூக்கொலி தமிழருக்குச் சுலபம். பேச்சில் 'வந்தேன்' முடியும்போது நாக்கு மேலே ஒட்டுவதில்லை. பிரெஞ்சில் 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' சொல்லவும் அதுதான் வேண்டும். மலையாளிகள் கடைசி மெய்யை முழுசாகச் சொல்லிப் பழகியவர்கள், இங்கேதான் திணறுகிறார்கள். நம்மவர் சறுக்குவது வேறிடம்: 'அவெக்' என்பது 'அவெக்கு' ஆகிவிடும், 'எல்' என்பது 'யெல்' ஆகிவிடும். பிரெஞ்சு 'யு' எழுத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுக்கிறார்கள்: 'ஈ' சொல்லும் நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். நல்ல பயிற்சி.

அச்சுத்தாள்தான் காலை வாருகிறது. எழுத்தில், வரி முடிவில் உடைக்கும் பிரிப்பையும் வாயால் சொல்லும் பிரிப்பையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஆப்பிளுக்கான சொல் எழுத்தில் இரண்டாக உடையும், நடுவே இரட்டை எம். வாயில் அது ஒரே அசை, 'பொம்'. தாளை மட்டும் பார்த்துப் படிப்பவர் 'பொம்மெ' என்று அழுத்துவார். 'மதாம்' சொல்லுக்கும் அதில் மூன்று அசை காட்டியிருக்கிறார்கள், பேச்சில் இரண்டுதான்.

இன்னொரு குறை, எல்லாமே பாரிஸ் உச்சரிப்பு. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில், 'நீ' என்பதற்கான 'து' 'த்ஸு' மாதிரி ஒலிக்கும். மாண்ட்ரியல் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.