படுவான்கரைப் பெண்களுக்கான விவசாயப் பயிற்சி: முடித்து வந்தவளின் மதிப்பீடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், தொண்டு நிறுவனம் ஒன்று பெண்களுக்கென நடத்திய பத்து வார விவசாயப் பயிற்சியில் சென்ற சிறுபோகத்தின்போது பங்குபற்றினேன். கட்டணம் எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வகுப்பும் மறுநாள் தோட்டத்தில் செய்முறையும் நடந்தன. 22 பேர் சேர்ந்தோம். 16 பேர் முடித்தோம்.

போதனையின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விதைநெல் தெரிவு பற்றிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், உள்ளே இட்ட கோழிமுட்டை மேலெழுந்து அதன் ஓடு ஒரு காசளவு வெளியே தெரியும்போது நிறுத்தச் சொன்னார்கள். அந்த நீரில் நெல்லைக் கொட்டியதும் பதரும், மணி சரியாக முற்றாத சப்பியும் மிதந்தன. அடியில் தங்கிய மணிகளை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி எடுத்தோம். எங்களுக்குள்ளேயே வயதில் மூத்த ஓர் அக்கா மிதந்ததை அள்ளிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் சப்பியயா கா விதைச்ச நாங்க!" என்றார். களை பிடுங்கவும் கதிர் பொறுக்கவும் அழைக்கப்பட்ட பெண்களை விதை பற்றிய முடிவில் எவரும் கேட்டதில்லை என்பதால், அந்த வாளியைச் சுற்றி நின்ற நேரம் எனக்குப் பெரிதாகவே பட்டது.

கூட்டெருப் பாடமும் நிதானமாக இருந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்ட கதையை எங்கள் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. போதனாசிரியர் எந்தப் பக்கமும் சாயாமல், கத்தரிக்கும் மிளகாய்க்கும் எவ்வளவு கூட்டெரு, எப்போது கொஞ்சம் யூரியா என்று கணக்காகச் சொன்னார். தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து நாற்றுத் தட்டு நிரப்பும் வேலையை எல்லோரும் கையாலேயே செய்து பழகினோம்.

விலகிய ஆறு பேரில் எவரும் சலிப்பினால் விலகவில்லை. வகுப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்கி இரண்டு மணி வரை போனது. பள்ளிக்கூடமோ ஒன்றரைக்கு விடுகிறது. பிள்ளையை ஏற்றிவர வேறு ஆள் இல்லாதவர்கள் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். பெண்களுக்கென்று ஒரு பயிற்சிநெறியைத் திட்டமிடுகிறவர்கள் இதை எப்படித் தவறவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம்; ஆனால் குடியேற்றப் பகுதிகளில் வயற்காணிகள் பல அரச அனுமதிப்பத்திரத்தில் இருக்கின்றன. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரிமை வரிசை, அதாவது உரியவருக்குப் பின் காணி யாருக்குப் போகும் என்ற ஒழுங்கு, ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்திருந்தது; அது 2022 இல்தான் திருத்தப்பட்டது. காணி யார் பெயரில் இருக்கிறது என்பது கமநல சேவை நிலையத்தில் பசளை மானியம் பெறுவதையும் பாதிக்கக்கூடும். இத்தனை முக்கியமான விடயத்துக்கு ஒதுக்கப்பட்டது அரை மணித்தியாலம்! பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தர் ஒருவரை ஒரு நாள் அழைத்திருக்கலாம்.

சந்தைப்படுத்தல் பாடம் சுமார். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பயற்றங்காயை வாவிக்கு அப்பாலுள்ள ஆரையம்பதிப் பக்கம் கொண்டுபோவது இலகுவாகிவிட்டது. ஆனாலும் தராசு வியாபாரியின் கையில்தான் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

முடிவில் சான்றிதழுடன் விதைப் பொதி தந்தார்கள். அவர்கள் கற்பித்தபடியே 100 வெண்டி விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணினேன். 57 தான் முளைத்தன. துணியோடு கொண்டுபோய்க் காட்டியதும் முகம் சுளிக்காமல் ஒரு கிழமைக்குள் வேறு பொதி தந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு ஏற்படும் சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

வளவில் கொஞ்சமாவது நிலமும் கிணறும் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த நெறி பெரும்போகத்துக்கு முன் தொடங்குமாம். சேருகிறவர்கள் விண்ணப்பத்தின் கடைசிப் பெட்டியில், தண்ணீர்ப் பம்பைக் கழற்றித் திருத்தும் பாடமும் வேண்டும் என்று எழுதுங்கள். நாங்கள் நான்கு பேர் எழுதிக் கொடுத்தோம். பத்துப் பேராவது கேட்டால் ஒழுங்குசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.