இணையத்தில் நுண்கணிதம்: எதை நம்பிப் படிக்கலாம்?

நுண்கணிதம் தொடங்குகிறவர்கள் முதலில் 3ப்ளூ1பிரவுன் யூடியூப் சேனலில் 2017இல் வந்த தொடரைப் பாருங்கள். முதல் காணொளியிலேயே ஒரு வட்டத்தை மெல்லிய வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒரு முக்கோணம் எழுகிறது. அதன் அடிப்பக்கம் ஆரம், உயரம் சுற்றளவு. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் வட்டத்தின் பரப்பு! தொகையிடல், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டி முழு அளவைக் காண்பது, என்னதான் செய்கிறது என்பது அந்த ஒரே படத்தில் விளங்கிவிடும். சூத்திரங்களை மனப்பாடம் செய்தே வளர்ந்த எனக்கு அது அவ்வளவு சந்தோஷம்.

சரி, பார்த்தால் மட்டும் கணக்கு வந்துவிடுமா? கை ஓட வேண்டும். அதற்கு என் தேர்வு பால்ஸ் ஆன்லைன் மேத் நோட்ஸ். பார்க்கச் சாதாரணமான தளம்தான், ஆனால் இலவசம். பயிற்சிக் கணக்குகளின் விடையை ஒவ்வொரு படியாகப் பிரித்து மறைத்து வைத்திருப்பார்கள். முதல் படியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீதியை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது வகைக்கெழுவை (மாறும் வீதத்தை) காண உதவுவது சங்கிலி விதி; அதில் உள்சார்பின் வகைக்கெழுவால் பெருக்க மறக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இயற்கணிதத்திலேயே தடுமாறுகிறவர்கள் கான் அகாடமியில் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. அப்புறம், கல்லூரித் தரத்தில் முழுப் பாடமும் வேண்டுமென்றால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம் இருக்கிறது. விரிவுரை, வீட்டுப்பாடம், விடையோடு தேர்வுத்தாள் எல்லாமே உண்டு. தேர்வுத்தாளை மட்டும் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.