கார் கடனில் ஒளிந்திருந்த 842 பவுண்டு: பிரிட்டனில் தவணைக்குக் கார் எடுத்தவர்கள் அவசியம் படிக்கவும்

842 பவுண்டு. என் பையிலிருந்து அது போனது 2018-இல். போனது எனக்குத் தெரிய வந்தது இந்த வாரம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் ‘போனது போகட்டும்’ என்று இருந்துவிடுவேன். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் பழைய கார் விற்கும் ஒரு யார்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே தமிழ் பேசும் விற்பனையாளர் ஒருவர் இருந்தார் என்பதற்காகவே எங்கள் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் தேடிப் போய் வாங்கினார்கள். நானும் போனேன். ஏழு பேர் உட்காரும் கார், விலை 9,800 பவுண்டு. முன்பணம் 1,500 கொடுத்தேன். மீதி 8,300-ஐ அவர்களே கடனாக ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார்கள்.

அந்த விற்பனையாளர் என் சம்பளச் சீட்டை வாங்கிக் கணினியில் எதையோ தட்டினார். திரை அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “கொஞ்சம் பொறுங்கள் அண்ணா” என்று எழுந்து உள்ளறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியே அவர் கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ வாதாடுவது தெரிந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “பாவம், நமக்காகத்தான் பேசுகிறார்” என்றாள். திரும்பி வந்தவர் முகம் முழுக்கச் சிரிப்பு. “அண்ணா, மானேஜரோடு சண்டை பிடித்து 11.9 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதற்குக் கீழே உங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. நம் ஆட்களுக்கு நான் கெடுதல் செய்வேனா?” என்றார். அப்போதுதான் திரையை என் பக்கம் திருப்பினார். மாதம் 216 பவுண்டு, 48 மாதம். கையெழுத்துப் போட்டேன். வரும்போது அவர் பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி சாக்லேட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தேன். வட்டி மட்டும் 2,068 பவுண்டு. இப்போது கடன் நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் இரண்டே வரி: முகவருக்கு (அதாவது கடனை ஏற்பாடு செய்த யார்டுக்கு) கொடுத்த கமிஷன் 842 பவுண்டு, வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை முகவரிடம் இருந்தது. அதாவது, எனக்காகச் சண்டை பிடித்துக் குறைத்ததாகச் சொன்ன அந்த விகிதத்தை வைத்ததே அந்த யார்டுதான். நான் கட்டிய வட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு அவர்கள் கல்லாவுக்குப் போயிருக்கிறது. அந்த மேசையில் கமிஷன் என்ற பேச்சே வரவில்லை.

இது என் ஒருவனின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கடன் நிறுவனம் ஓர் அடிப்படை விகிதத்தைச் சொல்லும். யார்டுக்காரர் அதற்கு மேல் ஏற்றலாம். எவ்வளவு ஏற்றுகிறாரோ அவ்வளவு கமிஷன். எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதை ஆராய்ந்து, இத்தகைய முறையில் 10,000 பவுண்டு கடன் வாங்கியவர் நான்கு ஆண்டுகளில் 1,100 பவுண்டு வரை கூடுதல் வட்டி கட்ட நேரலாம் என்று சொன்னது. 2021 ஜனவரி 28-ஆம் தேதி முதல் இந்த ஏற்பாட்டைத் தடையும் செய்தது. தடை வருவதற்கு முன் வாங்கிய லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். நீங்களும் இருக்கலாம்.

கடிதம் வந்த அன்றே யார்டுக்குப் போன் செய்தேன். அந்த விற்பனையாளர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். பழைய கோப்புகள் இல்லையாம். “கடன் கொடுத்தது நாங்கள் இல்லையே, அவர்களிடம் கேளுங்கள்” என்று வைத்துவிட்டார்கள். கடன் நிறுவனத்தைக் கூப்பிட்டால், நீண்ட நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தார். கமிஷன் கொடுக்கப்படலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கொடுக்கப்படலாம்’ என்று இருக்கிறது. 842 என்று இல்லை. எவ்வளவு என்று இல்லை. விகிதத்தை ஏற்றினால் கூடும் என்றும் இல்லை. ‘கொடுக்கப்படலாம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் எல்லாம் சொல்லியாகிவிட்டதா? பதில் எப்போது வரும் என்று கேட்டேன். கெடுவை ஆணையமே நிறுத்தி வைத்திருக்கிறது, காத்திருங்கள் என்றார். இத்தகைய புகாருக்குப் பதில் சொல்ல வேண்டிய வழக்கமான எட்டு வாரக் கெடுவை ஆணையம் 2024 ஜனவரியில் நிறுத்தியது உண்மை. விசாரித்து ஒழுங்காகப் பதில் சொல்வதற்காக நிறுத்தியதை இவர்கள் வாடிக்கையாளரின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு. காரை விற்றே நாளாகிவிட்டது, எதற்கு வம்பு, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும் என்றார் என் அண்ணன். இந்தப் பயம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. புகார் கொடுப்பதால் கடன் வரலாற்றில் ஒரு கறையும் விழாது. காரை விற்றிருந்தாலும், கடன் முடிந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம்.

உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். அரைகுறைச் செய்தி. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதித் தீர்ப்பில், கார் விற்பவர் வாங்குபவரின் நலனை மட்டுமே பார்க்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அது எனக்குக் கசக்கிறது, மறைக்கவில்லை. “உங்களுக்காகச் சண்டை பிடித்தேன்” என்று ஒருவர் சொன்னால் வாங்குபவர் வேறு என்ன நினைப்பார்? ஆனால் அதே தீர்ப்பில் ஜான்சன் என்பவரின் வழக்கு வென்றது. அவருடைய கடனில் கமிஷன் 1,650 பவுண்டு, கடன் தொகையில் கால் பங்கு, கடனுக்கான மொத்தச் செலவில் 55 சதவீதம். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின்படி அது நியாயமற்ற உறவு என்று கூறி, கமிஷனை வட்டியோடு கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகுதான், 2025 அக்டோபரில், ஆணையம் இழப்பீட்டுத் திட்டத்தின் வரைவை வெளியிட்டது. 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்கள் அதில் வருகின்றன. ஓர் ஒப்பந்தத்துக்குச் சராசரியாக 700 பவுண்டு கிடைக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். முன்பே புகார் கொடுத்தவர்களின் கணக்கு முதலில் பார்க்கப்படும் என்பதும் அந்த வரைவில் இருந்தது. ஆகவே என் முடிவு தெளிவு: இன்றிரவே புகார் போகிறது.

அடுத்த கொள்ளை இங்கேதான் காத்திருக்கிறது. என் மச்சான், பாவம், கைபேசியில் வந்த ‘ஒரு நிமிடத்தில் சரிபாருங்கள்’ விளம்பரத்தை அழுத்தி, விரலால் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டார். நம் சார்பில் புகார் கொடுத்து இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லும் இழப்பீட்டு முகவர் நிறுவனம். கிடைக்கும் தொகையில் 30 சதவீதம், அதன் மேல் வரி, ஆக 36. என் 842-ஐ அப்படிக் கொடுத்திருந்தால் 300 பவுண்டுக்கு மேல் அவர்களுக்கு. எதற்கு? நான் இலவசமாக அனுப்பப் போகும் ஒரு மின்னஞ்சலுக்கு.

எல்லாவற்றையும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. இவ்வளவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடன் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். கமிஷன் எவ்வளவு, எந்த முறையில், என் கோப்பைத் தாருங்கள் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் பெயர் மறந்துவிட்டதா, பழைய வங்கிக் கணக்கு அறிக்கையில் தவணை போன இடத்தைப் பாருங்கள். அவர்கள் தரும் இறுதிப் பதில் சரியில்லை என்றால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் (ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மன்) போகலாம், அதுவும் இலவசம். இழப்பீட்டு முகவரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் 14 நாட்களுக்குள் காசில்லாமல் விலகலாம். மச்சானை இன்றைக்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. ‘உங்கள் கார் இழப்பீடு தயார், வங்கி விவரம் சொல்லுங்கள், சிறு கட்டணம் கட்டுங்கள்’ என்று கடன் நிறுவனத்தின் பெயரில் யாராவது கூப்பிட்டால் அவர்கள் மோசடிக்காரர்கள். தமிழில் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள்.