மரத்தடிக் கூட்டமா, பாயில் ஒரு காலையா?

தொடக்கப் பள்ளிக்குச் சிறார் எழுத்தாளரை அழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஐந்து வகுப்புகளையும் மரத்தடியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். அல்லது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை மட்டும் ஒரு காலை முழுக்க அவரிடம் விட்டுவிடலாம்.

முதலாவது எளிது. பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம். யாரும் விடுபட்டதாகக் குறை சொல்ல முடியாது. கதை எழுதுகிறவரும் நம் பெரியப்பா மாதிரிதான் இருக்கிறார் என்று பிள்ளைகள் கண்டுகொள்வதும் சின்ன விஷயமில்லை. ஆனால் பதினைந்தாவது நிமிடத்தில் ஒன்றாம் வகுப்பு மண்ணில் கோடு கிழிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவதில்தான் எழுத்து நடக்கிறது. எங்கள் பள்ளிக்கு வந்தவர் தன் கைப்பிரதியைப் பாயில் பரப்பினார். ஒரே பக்கத்தில் ஒன்பது அடித்தல்கள்! "நீங்களும் தப்பு செய்வீர்களா, ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. அவர் பேனாவை அவளிடமே நீட்டி, பிடிக்காத இன்னொரு சொல்லை அடிக்கச் சொன்னார். அதுவரை ரப்பரால் தேய்த்தே தாளைக் கிழித்தவள், அன்று தன் வீட்டு ஆட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

மற்ற வகுப்புகள் ஜன்னலில் தொங்கும். மதிப்பூதியமும் சற்றுக் கூடும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் நான் பாயைத்தான் விரிப்பேன். தேறுகிற கதைகளைப் பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்பலாம். அது 4, 5 வகுப்புகளுக்கானதுதான்.