லாக்டிக் அமிலம்: இரண்டு வருடம், ஒரு கன்னம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடையில், முகத்தில் பூசும் லாக்டிக் அமிலப் போத்தலின் விலையைக் குறைத்துவிட்டார்கள். மச்சாள் உடனே படம் பிடித்து அனுப்பினாள்: "மச்சாள், நீங்கள் பூசுவது இதுதானே? வாங்கட்டுமா?" ஒற்றை வரியில் பதில் எழுத முடியவில்லை. இரண்டு வருடமாகப் பூசுகிறேன், இது நான்காவது போத்தல். நல்லதும் சொல்ல வேண்டும், வயிற்றெரிச்சலும் சொல்ல வேண்டும்.

இதற்கு முன்பு வால்நட் ஓட்டுத் தூள் கலந்த ஸ்க்ரப்பைத்தான் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிவந்ததே தவிர நாடியிலும் மூக்கோரத்திலும் இருந்த சொரசொரப்புப் போகவில்லை. 5 வீத லாக்டிக் அமிலத்துக்கு மாறி ஆறு வாரம் இருக்கும், ஒரு இரவு பஞ்சால் முகத்தைத் துடைத்தேன். முன்பெல்லாம் பஞ்சின் இழைகள் நாடியில் சிக்கி வெள்ளைத் தாடிபோல நிற்கும். அன்று ஓர் இழைகூட நிற்கவில்லை. தேய்க்காமலே இறந்த தோல் கலங்களின் பிடியைத் தளர்த்தி உதிரவிடுவதுதான் இந்த அமிலத்தின் வேலை. அதைச் சத்தமில்லாமல் செய்கிறது.

பேராசை பிடித்து 10 வீதத்துக்குத் தாவி, தினமும் இரவில் பூசியது என் பிழை. பத்தாம் நாள் நெற்றி எண்ணெய்க் கடதாசிபோல மினுங்கியது. அதைப் பொலிவு என்று நினைத்தேன். மறுநாள் பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனையில்லாத கிரீம் மட்டும் பூசிச் சரியாக்கினேன். இப்போது பழைய 5 வீதம்தான், வாரத்தில் இரண்டு இரவு. முகம் கழுவி, துவாயால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு சில துளிகள். கண்ணிமைக்கும் உதட்டோரத்துக்கும் கிட்டப் போவதில்லை. மேலுதட்டில் நூல் போட்டு மயிர் எடுத்த அன்றும் கிடையாது. ஒருமுறை மறந்து பூசிவிட்டு விசிறிக்கு முன்னால் நின்றேன்.

"தயிரும் பயத்தம் மாவும் இருக்க இது எதற்கு?" என்பது அம்மாவின் கேள்வி. தயிரில் இருப்பதும் லாக்டிக் அமிலம்தான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதன் பிறகு வீட்டில் எனக்கு மதிப்பில்லை. தயிரில் அது எத்தனை வீதம் என்று யார் அளந்து பார்ப்பது? ஆனால் முகத்தில் தேசிக்காய் பூசும் விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் புண்ணாகி, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கக்கூடும்.

இனி வலது கன்னம். இடது கன்னம் தெளிந்துகொண்டே போக, வலதில் பத்துச் சத நாணயமளவு ஒரு கருமை குந்திக்கொண்டது. தோல் வைத்தியரிடம் போனேன். பார்த்தவுடன் கேட்டார்: "வாகனம் ஓட்டுபவரா?"

"இல்லை டொக்டர், பஸ்தான்."

"பஸ்ஸில் எந்தப் பக்கம்?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. காலையில் கோட்டைக்குப் போகும்போது பஸ் வடக்கே ஓடுகிறது, கிழக்கு வெயில் வலது பக்கம். மாலையில் தெற்கே திரும்பினால் கடல் பக்கத்து வெயில், அதுவும் வலது பக்கம். நான் இருப்பதோ எப்போதும் வலது யன்னலோரம்; காற்றுக்காகப் பிடித்த இடம். இந்த அமிலவகை பூசிய தோலை வெயில் மேலும் எளிதாகச் சுடும். பூசும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் வேண்டும் என்ற எச்சரிக்கையை இத்தகைய பொருள்களில் அச்சிடும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. என் பெட்டியிலும் அது இருந்தது, எறும்பு வரிசையைவிடச் சிறிய எழுத்தில்.

சன்ஸ்கிரீன் பூசாமலா இருந்தேன்? கொழும்புப் புழுக்கத்தில் அது பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கும். கண் எரிய, கைக்குட்டையால் துடைப்பேன். வலக்கை, வலக்கன்னம். வெயில் படும் இடத்தில்தான் பூச்சு இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டுமாம். அலுவலகக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை மூஞ்சியோடு நிற்பவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கோபத்தில் எல்லாப் பழியையும் அமிலத்தின் தலையில் போட ஆசைதான். ஆனால் அந்தக் கருமை அதற்கு முன்பே அரும்பியிருக்கவும் கூடும். போத்தலுக்குப் பஸ் பாதை தெரியுமா?

மச்சாளுக்குக் கடைசியில் எழுதினேன்: "வேண்டாம். முதலில் சன்ஸ்கிரீன் வாங்கி, ஒரு மாதம் விடாமல் பூசிக் காட்டு. அதன் பிறகு பார்ப்போம்."

சனிக்கிழமை அந்தக் கடைப் பக்கம் போனேன். குறைந்த விலையில் ஒரு போத்தல்தான் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை.