இடக்கையாளருக்கு சாவேஜ் 110 ஹண்டர்: எல்க் வேட்டைக்கு எப்படி?

வலக்கை போல்ட் ரைஃபிளை (ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) இடத்தோளில் வைத்துச் சுட்டால், அடுத்த தோட்டாவுக்குக் கை ஸ்கோப்பைத் தாண்டிப் போகவேண்டும். கன்னம் ஸ்டாக்கை, அதாவது தோளில் பதியும் பின்கட்டையை, விட்டு விலகும். எல்க் மான் அதற்குள் மரங்களுக்குள் மறைந்துவிடும். அமெரிக்கத் தயாரிப்பான சாவேஜ் 110-இன் இடக்கை வடிவில் போல்ட் பிடியும் வெறும் உறை வெளியேறும் வாயும் இடப்பக்கமே. தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பொத்தான் நடுவில், கட்டைவிரலுக்கு அடியில். அதன் மூன்று நிலைகளில் நடுநிலையில் வைத்தால் ட்ரிகர் பூட்டியிருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். தோட்டாவை எடுக்க அதுவே பாதுகாப்பு.

ஸ்டாக்கின் நீளத்தையும் கன்ன உயரத்தையும் உடன்வரும் துண்டுகளால் மாற்றலாம். ஸ்கோப் பொருத்திய பிறகே மாற்றுங்கள், குளிர் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் வேட்டையன்று ஸ்டாக் நீளமாகத் தோன்றும், ஸ்கோப்பில் கறுப்பு விளிம்பு விழும்.

எல்க்குக்கு .30-06 தோட்டா போதும். அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் உதைக்குப் பயந்து ட்ரிகரை வெடுக்கென இழுப்பவர்கள்தான் அதிகம். குறைகளும் உண்டு: போல்ட் ஓட்டம் பின்லாந்தின் டிக்கா ரைஃபிள் அளவுக்கு வழுக்காது. இடக்கை வடிவம் கிடைக்கும் தோட்டா வகைகளும் குறைவு.