அமலைக்குள் விரால்: கயாக்கில் உட்கார்ந்தவனுக்கு இந்த ராடு சரிப்படுமா?

என் தூண்டில் ராடுக்கு, லைன் வெளியேறும் நுனி வளையம் மாற்றி வாங்கியாச்சு. அதே வாரத்தில் அதே ராடின் விலை 7,000 சொச்சத்திலிருந்து 5,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. கடையத்துப் பக்கம் இருக்கும் சேக்காளி ஒருவன் போன் போட்டு, "மாப்ள, வெல எறங்கிருக்குல்லா, எடுத்துரட்டா? நீயும் அதத்தான வச்சிருக்க?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

7 அடி 3 அங்குலம், லேசில் வளையாத ஹெவி பவர், நுனிப்பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ரீல் தண்டின் மேல்பக்கம் உட்காரும் பெய்ட்காஸ்டிங் வகை. இதைத் தேடி வருகிறவர்களுக்கு மீதி விவரம் தெரிந்திருக்கும். அதன்மேல் 7.1:1 ரீல் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை 7.1 சுற்று), 50 பவுண்டு தாங்கும் பின்னல் லைனான பிரெய்டு, நுனியில் பொய் இரையாக 14 கிராம் ரப்பர் தவளை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தி வாங்கியது. மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் குளங்களில், மீன்பாசி குத்தகை எடுத்த அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் இறங்குவேன். கூந்தன்குளம் மாதிரி பறவைக் குளத்துப் பக்கம் போவதே இல்லை. முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அணைகளையும் யாரும் கேட்க வேண்டாம்.

என் ஆத்திரம் முழுக்க ராடின் அடிப்பிடி மேல்தான். ரீல் உட்காரும் இடத்திலிருந்து கடைசிப் பூண் வரை 11 அங்குலம். கரையில் நிற்கிறவனுக்கு அது பெரிய வசதி. ரெண்டு கையாலும் பிடித்து மடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வீசலாம். கயாக் என்கிற குறுகிய துடுப்புப் படகில் உட்கார்ந்தவன் நிலைமை வேறு. தவளையை உயிருள்ளதுபோல் ஆட்டுவது முழுக்க மணிக்கட்டு வேலை. நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, லைனில் கொஞ்சம் தொய்வு விட்டு, சின்னச் சின்னதாகச் சுண்ட வேண்டும். அப்போதுதான் தவளை, அமலைக்கு (ஆகாயத்தாமரைக்கு) நடுவே திறந்திருக்கும் ஓட்டையை விட்டு வெளியே வராமல், இருந்த இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். நின்றுகொண்டு சுண்டினால் அடிப்பிடி இடுப்புக்கு வெளியே ஒதுங்கிப் போய்விடும். கயாக்கில் நம் இடுப்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. முன்னால் மடக்கிய முட்டி, மேலே லைஃப் ஜாக்கெட். ஒவ்வொரு தடவை சுண்டும்போதும் பூண் ஜாக்கெட்டின் வயிற்றுப் பக்கத்தில் இடிக்கிறது, இல்லாவிட்டால் வாரில் மாட்டுகிறது. சுண்டியது பாதியில் நின்றுபோய், தவளை ஒரு முழம் இழுபட்டு, ஓட்டையைத் தாண்டி செடிமேல் ஏறிவிடுகிறது. அந்த ஓட்டைக்குக் கீழே விரால் இருந்ததா இல்லையா என்பது அதோடு போச்சு.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பிடி என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அமலை வேர் கீழே தாடியாகத் தொங்கும். அதில் கால் பின்னினால் நன்றாக நீந்துகிறவனுக்கும் மேலே வர வழி இருக்காது. ஜாக்கெட்டோடு சேர்த்துத்தான் ராடை எடைபோட வேண்டும்.

இதைப் படிக்கும்போது ராடே மோசம் என்று தோன்றும். மோசமில்லை. அமலைக்குள் இதன் வேலை என்ன என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன்.

நம் குளங்களில் அடைப்பு ஒரே மாதிரி கிடையாது. அமலை மிதக்கிற செடி, காற்று வாக்கில் நகரும். காலையில் குறித்து வைத்த ஓட்டை மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும், வேறு இடத்தில் திறக்கும். செடி உயரம் என்பதால் தவளை அதன்மேல் ஊர்ந்து வராது, இலைக்கு இலை மாட்டும். அங்கே ஓரத்திலும் ஓட்டையிலும் நேராகப் போட்டு ஆட்டுவதுதான் வழி. தாமரைக் குளத்தில் கதையே வேறு. இலை தட்டையாகக் கிடக்கும், தவளையை இலைமேல் ஏற்றி, கொஞ்சம் நிறுத்தி, நழுவித் தண்ணீரில் விழவைக்கலாம். விழுந்த நொடியில்தான் பெரும்பாலும் மீனின் அடி விழும். ஆனால் தாமரைத் தண்டில் பொடிமுள் உண்டு, நாரும் அதிகம். மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பிரெய்டு தண்டுக்குள் கடித்து இறங்கி அங்கேயே நின்றுவிடும். அல்லித் தண்டு அப்படிப் பண்ணாது, வழவழவென்று அறுந்து வழிவிடும். மூன்றாவது வேலம்பாசி. பிசான நெல் அறுப்பு முடிந்து தண்ணீர் வற்ற வற்ற அது மேலே வந்து பாய் விரித்துவிடும். தவளை அதன்மேல் அழகாக வழுக்கி வரும். விரால் அடித்ததும் நேரே கீழே போய்ப் பாசியைத் தலையில் சுற்றிக்கொள்ளும். மேலே வரும்போது மீனைவிடப் பாசியின் எடைதான் கூடுதல்.

இந்த மூன்றிலும் இந்த ராடு தோற்றதே இல்லை. மெல்லிய ராடு வைத்திருப்பவர்கள் தாமரைக்குள் மீனைக் கொக்கியோடு விட்டுவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன், அது மீனுக்குச் செய்கிற பாவம். இதன் நடுத்தண்டு வளையாமல் நிற்பதால் மீனின் தலையை முதல் இழுப்பிலேயே மேலே திருப்ப முடிகிறது. தலை மேலே திரும்பிவிட்டால் விரால் செடிக்குள் துளைக்க முடியாது. அந்த நேரத்தில், நான் திட்டுகிற அதே 11 அங்குலம் முழங்கைக்கு அடியில் வந்து அண்டை கொடுக்கிறது. மணிக்கட்டில் விழ வேண்டிய பாரம் முன்கை முழுக்கப் பரவுகிறது. குட்டைப் பிடி ராடில் இந்தச் சுகம் கிடையாது.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சந்தோஷமும் கயாக்கால் வந்தது. திறந்த தண்ணீரில் பெரிய மீன் இழுத்தால் கயாக் அதன் பக்கம் நகரும். எவ்வளவு வலுவான ராடாக இருந்தாலும், இழுக்கிற பலத்தில் பாதி நம்மை மீனிடம் கொண்டுபோவதில் செலவாகிவிடும். அமலையில் அப்படி இல்லை. துடுப்பால் ஓர் உந்து உந்தி மூக்கைச் செடிக்குள் ஏற்றிவிட்டால் கயாக் அசையாமல் நிற்கிறது, நங்கூரம் தேவையில்லை. அப்போது ராடின் முழு பலமும் மீனுக்கே போகிறது. செடியைப் பார்த்தாலே விலகிப் போகிற கயாக்காரர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். வீசுவதற்கு முன்பே மூக்கை ஏற்றிவிட வேண்டும், மீன் மாட்டிய பிறகு இடம் தேடினால் நடக்காது.

அடிப்பிடி ஏன் இவ்வளவு நீளம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை ராடு அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக உருவானது. அலபாமாவின் குன்டர்ஸ்வில் ஏரி மாதிரி பாசி மூடிய ஏரிகளில் ரப்பர் தவளை போட்டு அந்த மீனைப் பிடிப்பார்கள். அங்கே அவர்களுக்குப் பெரும் தொல்லையான ஹைட்ரில்லா வேறெதுவும் இல்லை, நம் வேலம்பாசியேதான். 1950-களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஆசியாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மை வாட்டும் அமலையோ தென் அமெரிக்காவில் பிறந்தது. செடி ரெண்டு பக்கமும் இடம் மாறிவிட்டதால், அங்கே செய்த கருவி இங்கே செடிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

மீனுக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும், விரால் பாய்ந்து கடிக்கும். பாஸின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குவார்கள், விரால் வாயில் விரலை விட்டால் பல் கிழித்துவிடும், தாடையைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பர் வேண்டும். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன் என்பதால், செடிக்கு நடுவில் மொக்குளி வெடிக்கிற இடத்தைப் பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ரெண்டு மீனுக்கும் அடி விழுந்த உடனே கொக்கி ஏறட்டும் என்று வெட்டி இழுக்கக் கூடாது, எடை கையில் தெரிகிற வரை பொறுக்க வேண்டும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளிப்பதைப் பார்த்தால் நான் தவளையைச் சுருட்டி வைத்துவிடுவேன். கீழே காவல் நிற்கிற தாயும் தகப்பனும் எதைப் போட்டாலும் அடிக்கும், அவற்றைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கொக்குக்கும் இரை.

செடியும் பொருந்தி, மீனும் பொருந்திய ராடு, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மட்டும் பொருந்தவில்லை. பாஸ் பிடிக்கிறவர் அகலமான மோட்டார் படகின் தட்டில் நின்றுகொண்டு வீசுகிறார். அவருக்கு 11 அங்குலப் பிடி சரியான அளவு. அதே ராடின் அட்டையில் கயாக் படம் போட்டு இங்கே விற்கிறார்கள். அதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நுனி வளையம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் நீளத்தோடு சேர்ந்த விஷயம். நம் குளங்களுக்குள் நாட்டுக் கருவேலம் நிற்கும். உட்கார்ந்த நிலையில் 7 அடி 3 அங்குலத்தைத் தலைக்கு மேல் திருப்பும்போது நுனி கிளையில் தட்டாமல் இருக்காது. வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் பதிப்பில் மயிரிழை விரிசல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. லைன் மட்டும் நுனியில் பஞ்சு பஞ்சாகப் பிரிய ஆரம்பித்தது, வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினாலும் மறுபடி பிரிந்தது. இந்த மாதிரி ஆனால் லைனைத் திட்டி மாற்றுவதற்கு முன்னால், காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். விரிசல் இருக்கிற வளையத்தில் பஞ்சு இழை மாட்டும்.

பிரெய்டு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரைவிட லேசான பாலிஎத்திலீன் இழை, மிதக்கும், அதனால் தவளையின் மூக்கைக் கீழே இழுக்காது. நைலான் மாதிரி நீளாது, அதனால் வெட்டி இழுக்கும் பலம் அப்படியே கொக்கிக்குப் போகும். கெட்டியான விரால் வாய்க்கு அது அவசியம். ஃப்ளூரோகார்பன் லைன் மூழ்கும், தவளைக்கு ஆகாது. வெயிலில் பச்சை வெளுப்பதைத் தவிர பிரெய்டில் சொல்லும்படி எதுவும் இல்லை.

வளையம் மாற்றுவது சின்ன வேலைதான். பழைய வளையத்தின் குழாயை மட்டும் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகிக் கழன்று வரும். சூடு அதிகமானால் கார்பன் தண்டின் ரெசின் கெட்டுப்போகும், அதனால் பழகிய கையிடம் கொடுத்தேன். பழுது பார்த்த அண்ணன் ராடைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, கயாக்குலயா போறிய? இந்த அடிப்பிடில மூணு இஞ்சி அறுத்து விட்ருவமா? பூண திருப்பி மாட்டிக்கிடலாம்" என்றார். எத்தனையோ நாள் நானே நினைத்ததுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் எடை குறைந்தால் ராடு நுனிப்பக்கம் தலைகுப்புற விழும், நாள் முழுக்கச் சுண்டுகிற மணிக்கட்டு அதைத் தாங்காது. பூணுக்குள் ஈயம் வைத்து ஈடுகட்டலாம் என்றார் அவர். ஏற்கெனவே கனத்த ராடில் இன்னும் கனமா? முழங்கைக்கு அண்டை கொடுக்கிற அந்தச் சுகத்தை இழக்கவும் மனசு வரவில்லை.

சேக்காளிக்கு என் பதில்: எடுக்காதே. 5,000-க்குக் கீழே இவ்வளவு நல்ல தண்டு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். நான் இதை யாருக்கும் விற்கப் போவதும் இல்லை. ஆனால் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு காலையிலும் வயிற்றில் இடி வாங்கிக்கொண்டு நீ குளத்தில் உட்கார வேண்டாம். கரையிலிருந்து மட்டும் போடுகிறவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. கயாக்குக்கு 6 அடி 10 அங்குலம் அல்லது 7 அடி, மீடியம் ஹெவியும் ஹெவியும் சேரும் இடத்தில் ஒன்று, அடிப்பிடி 8 அங்குலத்துக்கு மேல் போகாதது. தாமரைக்குள் கொஞ்சம் பலம் குறையும். அதற்குக் கயாக் மூக்கைச் செடியில் ஏற்றி ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது உன் லைஃப் ஜாக்கெட்டையும் ரீலையும் கையோடு கொண்டுபோ. ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கி, கடையில் இருக்கிற ஸ்டூலிலோ தரையிலோ முட்டியை மடக்கி உட்கார். ரீலை மாட்டி, நுனியைத் தரைப் பக்கம் தாழ்த்திச் சுண்டிப் பார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். பூண் ஜாக்கெட்டில் ஒருதடவை இடித்தாலும் அந்த ராடைத் திருப்பிக் கொடுத்துவிடு.